ஓரகத்தியின் தொலைபேசி

கோ குடும்பத்து மூத்த மருமகள் பாவ்-சூ கெட்டவள் இல்லை. அது யுவான்லினில் எங்கள் தெருவுக்கே தெரியும். பள்ளிச் சட்டைகளில் பிள்ளைகளின் பெயரையும் எண்ணையும் நூலால் பின்னிக் கொடுப்பது அவள் தொழில். பள்ளி திறக்கிற சமயத்தில் தலை நிமிர நேரமிருக்காது. மற்ற மாதங்களில் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற பங்குத் தரகர் ஆபீஸின் ஹாலுக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். கொய்யாக்காய் நறுக்கி டப்பாவில் கொண்டு வருவாள். கேட்காமலே நீட்டுவாள்.

சுவர் முழுக்க விலைப் பலகை. சிவப்பு என்றால் ஏற்றம், பச்சை என்றால் இறக்கம். பச்சையாக ஓடுகிற நாளில் ஹாலே சாவு வீடு மாதிரி இருக்கும். ஆனால் ஊரோடு சேர்ந்து நஷ்டப்படுவதில் ஒரு ஆறுதல் உண்டல்லவா? அந்த ஆறுதலோடு பாவ்-சூ வீட்டுக்குப் போவாள். படியேறும்போதே அது போய்விடும். மாடியில் ஹுவெய்-லான் இருந்தாள்.

அண்ணனும் தம்பியும் கீழே ஒரே ஹார்டுவேர் கடையை நடத்தினார்கள். முதல் மாடி அண்ணனுக்கு, அதற்கு மேல் தம்பி மிங்-சோங்குக்கு. சமையலறை மட்டும் பொது. மிங்-சோங்கின் மனைவிதான் ஹுவெய்-லான். பெங்ஹு தீவுக்காரி. கல்யாணத்துக்கு முன் ஒரு துணி ஆலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஓரகத்திகள் இருவரும் ஒரே கம்பெனியின் பங்குகளைத்தான் வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரில் சைக்கிள் சீட் செய்கிற ஹே-ஃபெங் கம்பெனி அது. முதலில் வாங்கியவள் பாவ்-சூ. அவளைப் பார்த்துத்தான் சின்னவள் வாங்கினாள்.

வாங்கியது ஒன்றாக இருந்தாலும் விற்றது ஒன்றாக இல்லை. ஹே-ஃபெங் சரிவதற்குச் சில நாள் முன்பு சின்னவள் பாதியை விற்றாள். அடிமட்டத்துக்குப் போனபோது திரும்ப வாங்கினாள். அடுத்த வருஷமும் அப்படியே. பாவ்-சூ தினமும் ஹாலில் கண் வலிக்கப் பலகையைப் பார்க்கிறவள். சின்னவளோ ஹால் பக்கமே எட்டிப் பார்க்காதவள். சமையலறையில் மூங்கில் குருத்தை உரித்துக்கொண்டே சம்பாதிக்கிறாள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அந்தப் புது வருஷத்துக்கு மிங்-சோங் வீட்டில் பெரிய டிவி வந்தது. "நல்லா இருக்கு" என்று வாயால் சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்து, பாவ்-சூ எங்கள் யாருக்கும் கொய்யா தரவில்லை. முழு டப்பாவையும் அவளே தின்று தீர்த்தாள்.

டாக்ஸி ஓட்டுகிற லுவோதான் முதலில் கொளுத்திப் போட்டார்.

"ஹாலுக்கே வராதவளுக்கு எப்படித் தெரியுது? உள்ளே ஆள் வெச்சிருக்கா, பாவ்-சூ."

"என்ன ஆளு?"

"கம்பெனிக்குள்ள இருக்கிற ஆளு. நமக்குப் பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே அவ காதுக்குப் போயிடுது. அப்படி ரகசியம் கேட்டு வித்தா சட்டப்படி குத்தம். பிடிச்சா ஜெயில்தான்."

ஜெயில் என்றதும் பாவ்-சூவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். சின்னவள் துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனியில் நின்று போன் பேசுவதைக் கண்டுபிடித்தாள். குரலில் ஒரு குழைவு, நடுநடுவே சிரிப்பு. "ஜியென் சார், நீங்க ரொம்ப நல்லவரு. அடுத்த வாரம் கூப்பிடறேன், அலுத்துக்காதீங்க" என்று ஒரு நாள் தெளிவாகக் கேட்டது. ஆக, ஒரு ஆம்பளை. ரகசியம் மட்டுமா, வேறென்னவோ?

கடையில் தனியாக ஆணி எடை போட்டுக்கொண்டிருந்த கொழுந்தனிடம் போனாள்.

"மிங்-சோங், உனக்கு ஜியென்னு யாராவது சிநேகிதம் உண்டா?"

"இல்லையே அண்ணி, ஏன்?"

"ஒண்ணுமில்லப்பா. உன் பொண்டாட்டி அடிக்கடி பேசறாளேன்னு கேட்டேன். தெரிஞ்சவரா இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. மேல் மாடியில் பேச்சு நின்றது. மிங்-சோங் சாப்பாட்டைக் கடையிலேயே முடித்துக்கொண்டான். சின்னவள் சிவந்த கண்களோடு சமையலறைக்கு வருவதும், பாத்திரம் கழுவிவிட்டுப் போவதுமாக இருந்தாள். பாவ்-சூ உள்ளூர மகிழ்ந்தாளா என்றால், கொஞ்சம் மகிழ்ந்தாள். என்னிடமே சொன்னாள். ஆனால் அந்த மகிழ்ச்சியிலும் எரிச்சல் தீரவில்லை. ஹே-ஃபெங் மறுபடி பச்சையில் ஓடியது. சின்னவள் இந்த முறையும் முன்பே விற்றிருந்தாள்.

பாவ்-சூ தைப்பேயில் இருக்கிற முதலீட்டாளர் புகார் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஹாலின் மூலையில் இருந்த போனில்தான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"எங்க குடும்பத்துல ஒரு பொம்பள கம்பெனி ரகசியம் கேட்டுக் கேட்டு வியாபாரம் பண்றா. சொல்றவன் பேரு ஜியென். ஹே-ஃபெங் சைக்கிள் சீட் கம்பெனி."

மறுமுனையில் இருந்த பெண் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். பிறகு பேசியபோது குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அம்மா, ஜியென் அந்தக் கம்பெனியோட அதிகாரபூர்வப் பேச்சாளர். ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒருத்தரை வெச்சே ஆகணும். பங்குதாரர் யார் கூப்பிட்டாலும் அவர் பதில் சொல்லணும். ஊருக்கு அறிவிச்ச விஷயத்தைத்தான் சொல்லலாம், அறிவிக்காததைச் சொல்லக் கூடாது. அவர் நம்பர் வெப்சைட்லயும் இருக்கு, உங்களுக்கு வருஷா வருஷம் வர்ற அறிக்கையிலயும் இருக்கு."

"எனக்கும் சொல்வாரா?"

"கண்டிப்பா. நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

வருஷ அறிக்கைகளை அவள் மெஷின் ஆடாமலிருக்க அதன் காலடியில் அடுக்கி வைத்திருந்தாள். அதைச் சொல்லி லுவோ விழுந்து விழுந்து சிரித்தார். பாவ்-சூ சிரிக்கவில்லை. வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை. "எல்லாருக்கும் திறந்திருக்கிற கதவு. அவ மட்டும் உள்ள போயிருக்கா. எனக்கு ஏன் தோணல?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். களவு என்று நினைத்தவரை பொறாமை தாங்கும்படி இருந்தது. நேர்வழி என்று தெரிந்தபிறகு அது இரண்டு மடங்காகிவிட்டது.

மறுநாளே ஜியெனைக் கூப்பிட்டாள். மரியாதையான, களைத்த குரல்.

"யுவான்லின்லேர்ந்து பேசறீங்களா? அங்கே இன்னொரு அம்மா இருக்காங்க. ரொம்ப நல்லா கேள்வி கேப்பாங்க. சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன தெரியணும்?"

இத்தனை வருஷம் பலகையைப் பார்த்தவளுக்கு ஒரு கேள்வி வரவில்லை.

"ஏறுமா, இறங்குமா?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. எனக்கும் தெரியாது."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். "நல்லா கேள்வி கேப்பாங்களாம்" என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைக்கிற நாளுக்கு முன் இருவரும் சமையலறையில் சேர்ந்து நிற்க வேண்டி வந்தது. ஒருத்தி முட்டைக்கோஸ் வதக்க, ஒருத்தி முட்டை அடை சுட, அன்றைக்கு மெல்லிய மாவுத் தகட்டில் சுருட்டித் தின்பதற்கான வேலை. பாவ்-சூதான் வாய் திறந்தாள்.

"பேச்சாளர்னு ஒருத்தர் இருக்காருன்னு நீ எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல?"

ஹுவெய்-லான் தன் பக்கத்து அடுப்பை அணைத்தாள்.

"நீங்க கேட்டீங்களா அக்கா? என்கிட்ட கேட்டிருந்தா நம்பரைக் கையில கொடுத்திருப்பேன். நீங்க என் புருஷன்கிட்டல்ல போய்க் கேட்டீங்க!"

"நான் சும்மா..."

"சும்மா! அவர் என் போனைப் பிடுங்கிப் பார்த்தாரு. இத்தனை வருஷத்துல முதல் தடவை. நான் அந்த ஆளோட மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்லைக்கா. குடோன்ல எத்தனை சீட்டு தேங்கியிருக்கு, டச்சுக்காரன் ஆர்டரைப் புதுப்பிச்சானான்னு கேட்டேன். புதுப்பிக்கலன்னு அறிவிப்பே போட்டிருந்தாங்க. வித்தேன். இதுல என்ன அசிங்கம்?"

பாவ்-சூவின் சட்டியில் முட்டை அடை கருகியது. அவள் செய்தது ஒன்றுதான். கைகூடக் கழுவாமல் கீழே இறங்கிப்போய் மிங்-சோங்கிடம் சொன்னாள்: "தம்பி, நான் சொன்னது தப்பு. அந்த ஆளு கம்பெனி உத்தியோகஸ்தர். யார் வேணா பேசலாம். நானே பேசினேன். அவமேல குத்தமில்ல." மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை. சின்னவளிடம் அதைச் சொல்லவே இல்லை.

ஜூன் மாதப் பங்குதாரர் கூட்டம் ஹே-ஃபெங் தொழிற்சாலையின் கேன்டீனில் நடந்தது. ஓரகத்திகளோடு நானும் போனேன். மிங்-சோங்கும் கூட வந்தான். கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான். ஜியென், ஓய்வு பெறப்போகிற வயதில் இருந்த, முதுகு வளைந்த மனிதர். மிங்-சோங்கின் தோள்கள் தளர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஹுவெய்-லான் ஒரு வணக்கம் சொன்னாள். அவ்வளவுதான், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"யுவான்லின் அம்மா! குரலை வெச்சே கண்டுபிடிச்சிட்டேன்."

பாவ்-சூ முன்னால் போய் நின்றாள். "நானும் யுவான்லின்தான். நானும் போன் பண்ணியிருக்கேன்."

"அப்படியா? மன்னிக்கணும்... பேரு?"

பேரைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். நினைவு வரவில்லை என்பது தெரிந்தது. கூட்டத்தில் கொடுத்த எவர்சில்வர் குவளையை அவள் பஸ்ஸிலேயே மறந்துவிட்டு இறங்கினாள். ஓடிப்போய் எடுத்து வந்தது ஹுவெய்-லான்தான்.

"அக்கா, எப்படிக் கேக்கணும்னு நான் வேணா..."

"வேண்டாம்."

அந்த வாரம் பாவ்-சூ மெஷின் காலடியில் இருந்த அறிக்கைகளை உருவினாள். ஒரு மரத்துண்டை அங்கே செருகிவிட்டு, ஹாலுக்கு வராமல் படித்தாள். பாதி புரியவில்லை என்றாள். கடைசியில் ஒரு இடத்தில் விரல் நின்றது. வியட்நாமில் கட்டுகிறோம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்த தொழிற்சாலையைப் பற்றி இந்த வருஷம் ஒரு வரிகூட இல்லை. ஜியெனைக் கூப்பிட்டாள்.

"நல்ல கேள்வி" என்றார் ஜியென். நிலம் விஷயமாகச் சிக்கல், வேலை நிற்கிறது, போன மாத அறிவிப்பில் இருக்கிறது என்றார்; எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

நல்ல கேள்வி! பாவ்-சூவின் காது மடல்கூடச் சிவந்துவிட்டது. அத்தோடு போனை வைத்திருக்கலாம்.

"சார், அந்த இன்னொரு அம்மா இதைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்களேம்மா. போன வாரம்."

அன்று அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனாலும் அந்த அறிவிப்பைத் தேடிப் படித்து, அவளாகவே முடிவு செய்து பாதியை விற்றாள். அவள் வாழ்க்கையில் பச்சை வருவதற்கு முன் விற்றது அதுதான் முதல் தடவை. எவ்வளவு பணம் தப்பியது என்று லுவோ கேட்டார்.

"அவ எப்ப வித்தான்னு தெரியணும்" என்றாள்.