மயிலம்மாள் மேற்கே கை காட்டினாள்

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுச் செங்கோடன் பிடிவாதத்துக்குப் பேர் போனவர். அறுபது வயதில் அந்தப் பிடிவாதமெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. களியை உருண்டை பிடித்து மனைவி கையில் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“ஏம் புள்ள, உன்ற ஊட்டுக்காரன் பேரு என்ன? சொல்லு பாக்கலாம்.”

மயிலம்மாள் தலையைத் தாழ்த்திக்கொள்வாள். பிறகு மேற்கே கையைக் காட்டுவாள். மேற்கே இருந்தது ஒற்றையடிப் பாதை. அவள் பிறந்த ஊருக்கு அதில்தான் போகவேண்டும். என்னை விட்டுப் போகிறேன் என்கிறாளே பாவி மகள் என்று அவர் புலம்புவார். பொழுது சாய்ந்தால் அவள் வாசலை அடைக்கும் மூங்கில் படலைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பாள். அவர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார்.

மலைக்கு மோட்டார் ரோடு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட வருசம் அது. அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே அவளுக்கு ஞாபகம் தட்டுக்கெட ஆரம்பித்திருந்தது. உப்புப் போட்ட குழம்புக்கே மறுபடி உப்புப் போட்டாள். செத்துப்போன மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். ஒருநாள் நடுத்தெருவில் நின்றுகொண்டு, “சின்னான்! ஏ சின்னான்!” என்று மாமனார் பேரைக் கூவினாள். அடக் கடவுளே! மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்வதா? பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மட்டு மரியாதையெல்லாம் இவளை விட்டுப் போயே போய்விட்டது என்று செங்கோடன் அன்றைக்கே முடிவு கட்டினார்.

ஆனால் மகன் ராசுவின் பேர் வருகிறது, நாயின் பேர் வருகிறது, புருசன் பேர் மட்டும் அவள் வாயில் வரவில்லை. முதலில் மறந்தது என்னையா? அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்று கிடந்து தவித்தார்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். காத்துக் கருப்பு என்றார்கள், வேப்பிலையால் நாலு போடச் சொன்னார்கள். அடிவாரத்தில் கொத்து வேலைக்குப் போயிருந்த ராசு வந்து பார்த்துவிட்டு, “கட்டிப் போடுங்கப்பா, எங்காச்சும் பள்ளத்துல உழுந்துருவாங்க” என்றான்.

“கட்டிப் போட அவ என்ன மாடாடா?” என்று சீறினார் செங்கோடன்.

அவரும் முதலில் கத்தியவர்தான். “அம்மா எங்கே?” என்று அவள் கேட்டதற்கு, “உங்கம்மா செத்து எத்தன வருசமாச்சு!” என்று ஒருநாள் எரிந்து விழுந்தார். அவள் அப்போதுதான் சாவுச் சேதி வந்ததுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவருக்குச் சீ என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு, “சந்தைக்குப் போயிருக்காங்க கண்ணு, வந்துருவாங்க” என்றுதான் சொல்லுவார். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பாள்.

சாயங்காலத் தவிப்புக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மொச்சையையும் அவரையையும் கலந்து முறத்தில் கொட்டி மடியில் வைத்தால், கை தானாகப் பிரிக்கத் தொடங்கும், வாய் கும்மிப் பாட்டை முணுமுணுக்கும். பிரித்து முடித்ததை அவள் அந்தண்டை போனதும் இவர் மறுபடி கலந்து வைப்பார்.

“நல்லாப் பொழைச்சீங்க போங்க! பிரிச்சதக் கலக்குறதுக்கு ஒரு ஆளா?” என்று சிரிப்பாள் அவருடைய தங்கை ஆயம்மாள்.

தை மாதம் மிளகு பறிப்பு. பறித்துக் குவித்த சரங்களை உதிர்க்க ஆயம்மாள் வந்து அண்ணியோடு உட்கார்ந்தாள். செங்கோடன் படலைக் கட்டிவிட்டு ஓரமாக விறகு பிளந்துகொண்டிருந்தார். மயிலம்மாளின் விரல்கள் சரத்தை உருவ உருவ மணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஆயம்மாள் சும்மா இருக்கமாட்டாமல் வாயைக் கிளறினாள்.

“ஏனுங்கண்ணி, உங்க ஊட்டுக்காரரு பேரு என்னங்க?”

மயிலம்மாள் தலையைத் தாழ்த்தி மேற்கே கையைக் காட்டினாள்.

“அட, வாயத் தொறந்து சொல்லுங்க.”

“கேக்குறா பாரு கேள்வி! தாலி கட்டுனவரு பேர ஆராச்சும் வாயால சொல்லுவாங்களா? மேக்க தெரியுற மலையில இருக்குற சாமி பேருதான் அவருக்கு. தெரிஞ்சுக்க.”

கோடரி அந்தரத்தில் நின்றது. கல்யாணத்தன்று பெண்கள் சூழ்ந்துகொண்டு பேர் சொல்லச் சொல்லிக் கேலி செய்தபோதும் அவள் இப்படித்தான் கையைக் காட்டினாள். மேற்கே செங்கோட்டு மலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால்தானே அவருக்குச் செங்கோடன் என்றே பேர்! மாமனாருக்குக்கூட மிஞ்சாத மரியாதையை அவருக்கு மட்டும் காப்பாற்றி வைத்திருந்தாள். தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மரமண்டை, மரமண்டை என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஓடி வந்து அவள் முன்னால் குந்தினார். “புள்ள, என்னப் பாரு. நாந்தான் அது.”

மயிலம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஆருங்க பெரியவரே? மொளகு வாங்க வந்தீங்களா? உக்காருங்க, எங்கூட்டுக்காரரு இப்ப வந்துருவாரு.” குரலைத் தாழ்த்தினாள். “ஆரோ இந்தப் படலக் கட்டிக் கட்டி வெச்சர்றாங்க சாமி. நானும் தெனம் இழுத்துப் பாக்கறேன். அவரு வந்தா எப்படி உள்ள வருவாரு?”

ஆயம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். செங்கோடன் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்துப் படலை அகலத் திறந்து வைத்தார். திரும்பி வந்து மயிலம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு மிளகுச் சரத்தைக் கையில் எடுத்தார்.

“வரட்டுங்கம்மா. நானும் அவரப் பாக்கத்தான் உக்காந்திருக்கேன்.”