ஈ மொய்த்த எழுத்துகள்

எனக்கு எண்பத்தொரு வயது. ஐந்து பேரைப் பெற்று வளர்த்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்து படித்தது கம்ப்யூட்டரில். அப்படிச் சொல்ல என் வயதுக்காரி வேறு யார் இருக்கிறாள்?

மூத்தவன் துபாய்க்குப் போய் முதல் லீவில் கொண்டுவந்தது அது. கீபோர்டுதான் மொத்த உருவமே. வயரை டிவியின் ஆன்டெனா குழியில் செருகி, டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால், எனக்காக அவனே செய்த பெரிய பெரிய எழுத்துகள் வரும். பார்த்துச் சிலேட்டில் எழுதுவேன். ஆனால் திரை முழுக்க வெள்ளைப் பொடி, ஈ மொய்த்ததுபோல. பொடியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எழுதினேன். அதனால் என் எழுத்தில் புள்ளியே கிடையாது. அம்மா என்பது எனக்கு அமமா. பேங்கில் சிரித்தார்கள், மருமகளும் சிரித்தாள்.

"நான் புள்ளி வச்சுத்தாம்மா குடுத்தேன்" என்பான் மூத்தவன்.

"வச்சிருந்தா நான் விட்டிருப்பேனா?" என்பேன்.

இந்த வழக்கு இத்தனை வருஷமும் தீரவில்லை. இப்போது அவன் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டான். போன மாசம் ஒருநாள் காலையில் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து உட்கார்ந்தான். புது டிவியில் படத்தைத் தெளிய வைத்து வழக்கைத் தீர்க்கப் போகிறானாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முருங்கையிலை உருவ உட்கார்ந்தேன். பாதியில் போட்டுவிட்டு எழுந்தேன். உள்ளே ஈயம் புகைகிற மணம்.

"ஏலே, என்னத்தலே கருக்குக?"

"எம்மா, இந்தத் தகர டப்பா இருக்குல்லா, இதுக்குள்ள போய்த்தான் படம் கலங்குகு. இதுக்கு முன்னாலயே வயர் எடுத்து நேரே டிவிக்குக் குடுக்கப் போறேன்."

"வாய்க்கா முடிஞ்சு கடைவரம்புக்கு வாற கலங்கத் தண்ணிய விட்டுட்டுப் பேச்சிப்பாறை அணையிலயே கோரப் போறியா?"

"அதேதான். சும்மா இரும்மா, கை ஆடுகு."

"கருகிப்போச்சுன்னா தோத்தது நீதான், கேட்டியா?"

வாய்தான் அப்படிச் சொன்னது. கருகிவிட்டால் பிறகு யார் சொன்னது சரி என்று எப்படித் தெரியும்? கண்ணிருந்தும் பார்க்கத் தெரியாதவள் என்ற பெயரோடு போக எனக்கு மனமில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன்.

கேசட் கீச்சிட்டு ஓய்ந்தது. திரை கறுத்தது. பொடி இல்லை. அம்மா என்று எழுத்து வந்தது. நடு எழுத்தின் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அசையாமல் நின்றது.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன். வச்சுத்தான் இருக்கே. ஆயிரம் ஈக்கு நடுவுல நீயும் ஒரு ஈய வச்சுட்டு, அதுதான் புள்ளின்னா ஆருலே கண்டா?"

அவன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. "அது நியாயம்தான் அத்தே" என்றாள்.

"சத்தமா சொல்லு" என்றேன்.

அன்றிலிருந்து கை ஓய மறுக்கிறது. எதை எழுதினாலும் புள்ளியைத் தேடித் தேடி வைக்கிறேன். வேண்டாத தலையிலும் ஒன்றிரண்டு ஏறியிருக்கும். இதையும் அப்படித்தான் எழுதி முடித்தேன். முடித்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"மக்கா, இஞ்ச வா. இத மொதல்ல இருந்து வாசி. நான் புள்ளி வைக்காத எடத்துல நீயா சேத்து வாசிக்கப்பிடாது."