வேன்காரக்காவின் வீட்டுக் கடன்

லுணுகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கலாராணி என்று பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. வேன்காரக்கா என்றால் எந்தப் பிள்ளையும் வழி காட்டும். தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்க மாட்டேன் என்று இருபத்தாறு வயதில் ஓட்டுநர் உரிமம் எடுத்தவள் அவள். இப்போது அவளுக்கு இரண்டு ஸ்கூல் வேன்கள். ஒன்றை அவளே ஓட்டுகிறாள். மற்றதை ஜெயகுமார் என்பவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். மூடுபனி இறங்கினாலும் வேன் நேரத்துக்கு வந்துவிடும். மழையில் எந்தப் பிள்ளையையும் நடுவழியில் இறக்கிவிட மாட்டாள்.

ஆனால் அவளும் கணவன் சுரேஸும் இரண்டு மகள்களும் இருந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஓர் அறையில்தான். அது தோட்டத்துக்குச் சொந்தம். அதை வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது, சுவரை இடித்துக் கட்டவும் முடியாது. டவுனின் கடைசியில் மூன்று அறை வீடொன்று, உறுதிப் பத்திரத்தோடு விற்பனைக்கு வந்தபோது, கடன் கேட்டுப் பதுளையிலுள்ள வங்கிக்குப் போனாள்.

கடன் பிரிவில் இருந்த விஜயலெட்சுமி அவளுடைய வரிக் கணக்குத் தாள்களைப் புரட்டிவிட்டுத் தயங்கினாள்.

"அக்கா, ரெண்டு வேனும் வருஷம் பூரா ஓடி மிச்சம் நாலு லட்சந்தான்னு இருக்கு. நீங்க கேக்குற கடனுக்குத் தவணையே அதவிடக் கூட வரும்."

"அவ்வளவுதானா மிஸ்? நான் பிள்ளைங்கள ஏத்தி இறக்குறது பொய்யா?"

"ஓட்டம் நெஜம். ஆனா டீசல், டயர், சம்பளம்னு எல்லாத்தையும் கழிச்சிட்டீங்களே. வரிக்கு அது நல்லது. நாங்க பாக்குறது கழிச்ச பெறகு நிக்கிறத."

கலாராணி டயர்க் கடை பில் துண்டு வரை பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தியவள். அதைப் பார்த்து, பதுளையில் வரிக் கணக்கு எழுதித் தரும் ஸஹாப்தீன் நானா, "இப்படி எல்லாரும் வெச்சா எனக்கு வேலையே மிச்சம்" என்று புகழ்ந்திருந்தார். அந்தப் புகழ்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

அந்தச் சனிக்கிழமை, வாரம் முழுக்க வெலிமடை மரக்கறிக் கடையில் தங்கி வேலை செய்துவிட்டு வந்த சுரேஸ் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "பேங்குக்குன்னு வேறொரு கணக்கு எழுதிக் குடுத்தா என்ன? எல்லாரும் செய்யுறதுதானே."

"ரெண்டு எழுதினா ஒண்ணு பொய்யாயிரும்ல. நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா நான் எதக் காட்டுவேன்? வீடு வந்தும் தூக்கம் வராது."

திங்களன்று கலாராணி வேனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு, பஸ்ஸேறி மறுபடி பதுளைக்குப் போனாள். விஜயலெட்சுமி இம்முறை செலவுப் பட்டியலை வரி வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்தத் தேய்மானம்னு போட்டிருக்கே, இத யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் இல்ல மிஸ். வேன் பழசாகுதுன்னு ஸஹாப்தீன் நானா எழுதினது."

"அப்ப அந்தக் காசு உங்க கைய விட்டுப் போகவே இல்ல. அத வருமானத்தோட திருப்பிச் சேக்கலாம்."

அது சின்னத் தொகை இல்லை. இரண்டு வேன்களில் புதியதன் விலையில் ஒரு பங்கு. ஆனாலும் அந்த வேனை வாங்கிய லீசிங் கடனின் தவணை இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்தது. பிள்ளைகளின் பெற்றோர் தருவதெல்லாம் ரொக்கம். வங்கிப் புத்தகத்தில் அதன் தடமே இல்லை.

"லீசிங் முடியட்டும். அதுவரைக்கும் கிடைக்கிறத எல்லாம் கணக்குல போடுங்க. நீங்க வேன் ஓட்டுறதுக்கும் அவங்க தர்ற காசுக்கும் சாட்சியா பிள்ளைங்களோட அம்மா அப்பாமார்கிட்ட கடிதமும் வாங்கிட்டு வாங்க."

வீட்டை விற்கும் ஸியாமிடம் போய் பத்து மாதம் பொறுக்கச் சொன்னாள். பண்டாரவளைக்குக் குடிபோகும் அவசரத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார். முன்பணம் ஒன்று கொடுத்த பிறகு சம்மதித்தார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அவள் வங்கி வரிசையில் நின்று பணம் போட்டாள். கடிதங்களும் வந்து சேர்ந்தன. நாற்பத்து மூன்று. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து வந்த கொழுந்துக்காரிகள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்துக் கையெழுத்துப் போட்டவை பாதி. நல்லம்மா என்ற ஒருத்தி இப்படி எழுதுவித்திருந்தாள்: "காய்ச்சல் வந்த எம் மகள ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போனா. எண்ணெய்க் காசு கேக்கல."

விஜயலெட்சுமி அதை இரண்டு முறை படித்தாள். "இது வருமானத்துக்குச் சாட்சி இல்லயேக்கா" என்றாள். ஆனாலும் மற்றவற்றோடு சேர்த்துக் கோர்த்தாள்.

லீசிங் முடிந்ததும், கேட்டதில் ஐந்தில் நான்கு பங்குதான் கடன் கிடைத்தது. சமையலறைக் கூரை ஒழுகுவதைக் காட்டி ஸியாமிடம் விலையைக் குறைத்தாள். அப்படியும் போதாத மீதிக்குச் சுரேஸ் தான் வேலை செய்யும் கடையில் முன்பணம் வாங்கினார்.

உறுதியில் பெயர் எழுதும்போது நொத்தாரிசு தகப்பன் பெயரைக் கேட்டார். "மாடசாமி" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் காலமாகி எட்டு வருடம். ஆயுள் முழுக்கத் தோட்டத்து அறையில் இருந்தவர்.

குடிபோன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, சுரேஸ் பஸ்ஸை விட்டு இறங்கி வழக்கம்போல லயத்துக்கே ஏறிப் போய்விட்டார். பூட்டியிருந்த கதவைப் பார்த்து நின்றவரைப் பக்கத்து அறைக்காரர்கள் சிரித்துச் சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். கலாராணி ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வியர்வையோடு வாசலில் வந்து நிற்கவும், "வாங்க, இதுதான் நம்ம வீடு" என்றாள்.