ஒரு முறம் தவிடு

சின்னப்பாப்பாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பெயரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது. அவள் சின்னதும் இல்லை, பாப்பாவும் இல்லை. அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு, வாயால் சிலிண்டர் போடுகிறவனைத் திட்டவும் தெம்புள்ள உடம்பு. வாய்க்கால் ஓரத்துக் குடிசைப் பிள்ளைகளுக்காக ‘நல்வாசல்’ என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தில் பத்தொன்பது வருடமாக அவள்தான் சமையல். எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சு மதாம் தொடங்கி வைத்த இடம் என்பதால் அதைப் பால்வாடி என்று யாரும் சொல்வதில்லை. ‘கிரெஷ்’ என்றுதான் சொல்வார்கள். மீன் பிரிக்கப் போகிறவள், வீட்டு வேலைக்குப் போகிறவள், சித்தாளாகப் போகிறவள் எல்லாரும் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், சாயங்காலம் வரை நாற்பத்திரண்டு வயிறு அவள் பொறுப்பு.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய வருடம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கோவிந்தராசு வெள்ளையடிக்கிறவர், வாய் திறந்து பேசக் கணக்குப் பார்க்கிற மனிதர். பெரிய சொத்து சுகம் ஒன்றும் சேரவில்லை. ஆனால் நாலு பெற்றாள், நாலும் நின்றது. வாய்க்கால் ஓரத்தில் மாடி வீட்டைவிடப் பெரிய சொத்து அதுதான். காய்ச்சல், பேதி, மஞ்சள் காமாலை என்று வருடா வருடம் ஏதாவது ஒன்று அந்தத் தெருவுக்குள் நுழைந்து ஒரு பிள்ளையையாவது தூக்கிக்கொண்டு போன காலம் அது. அவள் வாசலை மட்டும் அது எட்டிப் பார்க்கவில்லை. “சின்னப்பாப்பா கை ராசியான கை” என்று பேர் வந்துவிட்டது. பேர் வந்தால் கூடவே வேலையும் வருமே!

என்ன வேலை என்றால், பிள்ளை வாங்குகிற வேலை. ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறக்கிற பிள்ளையை ராசிக்காரிக்கு விற்றுவிடுவார்கள். விலை ஒரு முறம் தவிடு. மூன்றாம் மாதம் பிள்ளையை முறத்தில் கிடத்துவார்கள். சின்னப்பாப்பா மாட்டுத் தீவனக் கடையில் வாங்கிவந்த தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி மூன்று அடி நடப்பாள். திரும்பி வந்து, “எம்புள்ளய வளர்த்துக் குடு” என்று பெற்றவள் மடியிலேயே போடுவாள். அதோடு சரி. அன்றிலிருந்து ஐந்து வயது முடிகிற வரை பெற்றவள் அந்தப் பிள்ளையை “என் பிள்ளை” என்று வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால், முன்னே பிறந்தவற்றைக் கொண்டுபோனது எதுவோ, அதன் காதில் விழுந்துவிடும். ஐந்து முடிந்ததும் ஒரு புடவை வைத்துக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் உண்டா என்று கேட்கிறவர்கள், இரண்டு பிள்ளையைக் குழிக்குள் வைத்தவளிடம் போய்க் கேட்கட்டும். சின்னப்பாப்பா இப்படி ஐந்து பிள்ளைகளை வாங்கியிருக்கிறாள். ஐந்தும் குத்துக்கல்லாட்டம் இருக்கின்றன. அதில் கடைசிதான் கார்குழலி.

கார்குழலியைப் பெற்றவள் தாமரைச்செல்வி, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் பிரிக்கிறவள். முதல் பிள்ளை பதினோராம் நாள் போனது. இரண்டாவது ஏழு மாதம் இருந்து, சிரிக்கக் கற்றுக்கொண்டு போனது. மூன்றாவதை விற்றபோது சொன்ன சொல்லை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். பேருந்தில் யாராவது “உன் பொண்ணா?” என்று கேட்டால், “பாப்பாக்கா புள்ள” என்பாள். ‘அம்மா’ என்று கூப்பிடக்கூட விடவில்லை. அந்தப் பிள்ளை அவளைத் ‘தாமரக்கா’ என்றும், சின்னப்பாப்பாவைப் ‘பாப்பாம்மா’ என்றும் கூப்பிட்டு வளர்ந்தது. வருகிற ஆடியில் ஐந்து முடிகிறது. வீராம்பட்டினம் தேர் அன்றைக்குப் பிள்ளையைத் திரும்ப வாங்குவதாக ஏற்பாடு.

ஆடிக்கு நாலு மாதம் இருக்கும்போதுதான் சிவசங்கரி வந்து சேர்ந்தாள்.

சிவசங்கரியைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. சமூகப்பணி படித்த பெண், இருபத்து நாலு வயது, லாஸ்பேட்டையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். கிரெஷுக்கு ஒருங்கிணைப்பாளராக வந்த முதல் வாரமே தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்தாள், வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வைத்தாள். தவிட்டு வியாபாரம் மட்டும் அவள் படித்த பாடத்தில் இல்லை.

ஒரு திங்கட்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வரையச் சொன்னாள். கார்குழலி இரண்டு வட்டம் போட்டு, இரண்டுக்கும் கால் வைத்தாள்.

“இது யாரு?”

“தாமரக்கா.”

“அம்மாவ எங்க காணோம்?”

“இதோ, பாப்பாம்மா. தாமரக்கா என்ன வித்துடுச்சி. பாப்பாம்மா வாங்கிடுச்சி.”

சிவசங்கரியின் கையிலிருந்த வண்ணக்குச்சி கீழே விழுந்தது. எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். சின்னப்பாப்பா சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கார்குழலிய நீங்க விலைக்கு வாங்குனீங்களா?”

“ஆமாம்மா, நான்தான் வாங்குனேன்.” சின்னப்பாப்பாவுக்கு முகமெல்லாம் பல். படித்த பெண் ஒருத்தி இதைப் போய் அக்கறையாக விசாரிக்கிறாளே! “அது மட்டுமா? அஞ்சு வாங்கியிருக்கேன். ஒண்ணு காலேஜ் படிக்குது.”

“யார் யாருகிட்ட வாங்குனீங்க?”

அவள் கேட்கக் கேட்க இவள் சொன்னாள். எந்த வீடு, எந்த வருடம், எத்தனை கிலோ தவிடு, ஒன்று விடாமல். சிவசங்கரி நோட்டில் எழுதிக்கொண்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று தெரியாமல், எழுதுகிறவளுக்கு அப்பளம் வேறு பொரித்துக் கொடுத்தாள் சின்னப்பாப்பா.

சிவசங்கரி அந்த அப்பளத்தைத் தொடவில்லை. பிள்ளை விற்பனை என்று காதில் விழுந்தால் உடனே குழந்தைகள் நல அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவித்துவிட்டாள். அதன் பிறகுதான், சென்னைக்குப் போயிருந்த நிறுவனத் தலைவர் புருஷோத்தமனுக்குப் போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

“நீ செஞ்சதுல தப்பு இல்லம்மா. ஒரு வார்த்த என்னைக் கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்.” பிறகு தவிட்டின் கதையைச் சொன்னார். சிவசங்கரிக்குக் காது சூடாகிப் போனது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள். “எழுத்துல போயிடுச்சி. விசாரிச்சுத்தான் முடிப்பாங்க” என்றார் அவர்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. விசாரணை சரியாக முடியாவிட்டால் பிள்ளையைக் கொஞ்ச நாள் அரசு இல்லத்தில் வைக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாமரைச்செல்வி துறைமுகத்திலிருந்து அப்படியே ஓடிவந்தாள். முழங்கை வரை மீன் செதில். கையைக் கழுவக்கூட இல்லை.

“பாப்பாவ எடுத்துகினு போயிடுவாங்களாக்கா?”

“மாட்டாங்க. நான் பண்ண தப்புதான் இது, மன்னிச்சிருங்க” என்றாள் சிவசங்கரி. அழுதிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “நாளைக்கி அவங்க கேப்பாங்க. ‘இது என் பொண்ணு, நான் யாருக்கும் விக்கல’ன்னு நீங்க சொல்லிட்டாப் போதும். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்.”

தாமரைச்செல்வி பின்வாங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அத மட்டும் சொல்ல மாட்டேன்.”

“சும்மா ஒரு தடவதான்...”

“மூணாவதயும் வாரிக் குடுக்கச் சொல்றீங்களா?” என்று கத்திவிட்டாள். கத்தியதும் பயந்துபோய், உள்ளே விளையாடுகிற பிள்ளை இருந்த பக்கம் பார்த்தாள்.

சின்னப்பாப்பா அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கோவிந்தராசுவிடம் புலம்பினாள். “வாங்கல, சும்மா வெளையாட்டுக்குன்னு சொல்லிட்டுப் போயேன்” என்றார் அவர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே. சொல்லலாம்தான். அவள் வேலைக்கும் அதுதான் நல்லது. ஆனால் சொன்ன பிறகு பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தால்கூடத் தாமரைச்செல்வி யார் முகத்தைப் பார்ப்பாள்? ஐந்து தடவை தவிட்டைக் கொடுத்து வாசல் தாண்டியபோதெல்லாம் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதுதான் முதல்முறையாகப் பயம் பிடித்தது. மறுநாள் காலை கிரெஷில் உப்புமா அடிப்பிடித்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

அதிகாரி சந்திரகலா சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். மூக்குக்கண்ணாடி, தோளில் துணிப்பை, அதற்குள் ஃபைல். பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். பிறகு தாமரைச்செல்வியை எதிரே உட்கார வைத்தார். சமையல்கட்டு வாசலில் சின்னப்பாப்பா கரண்டியோடு நின்றாள்.

“பெத்தது நீங்கன்னு சான்றிதழ்ல இருக்கு. குடுத்துட்டீங்களா இல்லையாங்கறதுதான் கேள்வி. கார்குழலி உங்க பொண்ணா?”

தாமரைச்செல்வி தரையைப் பார்த்தாள்.

“சொல்லுங்கம்மா.”

“பாப்பாக்கா புள்ள” என்றாள், குரலே வெளியே வராமல்.

சிவசங்கரி வாயைப் பொத்திக்கொண்டாள். சந்திரகலா பேனாவை மூடி வைத்தார்.

“தவிட்டுக்கு விக்கறது எங்க ஊர்லயும் உண்டும்மா. எனக்குத் தெரியும். ஆனா புகார் பேப்பர்ல வந்திருக்கு, பேப்பர்லதான் முடிக்கணும். நீங்களே உங்க பொண்ணு இல்லன்னு சொல்லும்போது நான் என்ன எழுதறது? எப்படி உங்ககிட்ட விட்டுட்டுப் போறது?”

தாமரைச்செல்வி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் அரசாங்கம், ஒரு பக்கம் அது. இரண்டுமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவை. வாயைத் திறந்தாள், மூடினாள்.

இந்தப் பெண்ணை இன்னும் ஒரு நிமிடம் இப்படி உட்கார வைத்தால் பாவம் வந்து சேரும் என்று சின்னப்பாப்பாவுக்குத் தோன்றியது. மேசையைப் பார்த்தாள். பேனா, வெள்ளைத் தாள், மூடி வைத்த ஃபைல்.

“மேடம், வாயாலதான் சொல்லணுமா?” என்றாள். “எழுதிக் குடுத்தா ஆவாதா?”

“எழுதிக் குடுத்தா இன்னும் நல்லது. எனக்கு வேண்டியதே அதான்.”

தாமரைச்செல்வி தலை நிமிர்ந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. சின்னப்பாப்பாவைப் பார்த்தாள்.

“எழுதலாமாக்கா?”

எழுதலாமா? சின்னப்பாப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்த வழக்கம் உண்டான காலத்தில் இதைச் செய்தவர்கள் எவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. ஆகவே எழுத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. வாங்கினவள் நான், சொல்ல வேண்டியவளும் நான்தான் என்று அவள் முடிவு கட்டினாள்.

“எழுதுடி” என்றாள். “அது காதாலதான் கேக்கும். அதுக்குப் படிக்கவா தெரியும்? எந்தப் பள்ளிக்கூடத்துல ஒக்காந்துச்சி அது?”

சந்திரகலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான். சிவசங்கரி மறைக்கவில்லை; அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேனாவை எடுத்துத் தாமரைச்செல்வியின் கையில் கொடுத்தாள். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போல, சின்னப்பாப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கார்குழலி என் மகள். அவளை நான் யாருக்கும் விற்கவில்லை. என்னோடுதான் இருக்கிறாள். இவ்வளவு போதும்” என்று சந்திரகலா மெதுவாகச் சொன்னார்.

எட்டாவது வரை படித்தவள்தான் தாமரைச்செல்வி. ஆனால் பேனா பிடித்து வருடங்கள் ஆகியிருந்தன. ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். மூன்று வரியும் ஆனது. கீழே கையெழுத்துப் போட்டாள். சந்திரகலா தாளை வாங்கக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையெழுத்துக்குக் கீழே மறுபடியும் எழுதினாள், கார்குழலி என் மகள் என்று. அதற்குக் கீழே இன்னொரு முறை. இப்போது எழுத்து கொஞ்சம் வேகமாக வந்தது. நாலு வருடத்துக்கும் மேலாகப் பேருந்திலும் தெருவிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வரிவரியாக இறங்கியது. நீட்டிய கையைச் சந்திரகலா மடியில் வைத்துக்கொண்டார்.

கார்குழலி உள்ளே ஓடிவந்து மேசை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டாள்.

“என்னா எழுதுற தாமரக்கா?”

“ஒண்ணுமில்ல பாப்பா. போய் வெளையாடு” என்றாள் தாமரைச்செல்வி.

பிள்ளை போனதும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள். அதுவும் நிறைந்தது. சந்திரகலா ஃபைலைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.