கராம்பு காயும் முற்றத்தில் பிரேக் மாற்றிய நாள்

பன்விலையிலிருந்து அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஏற்றிவந்த ஒரு காலையில், இறக்கத்தின் நடுவில் முன் டயர் காற்றுப் போய்விட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. டிக்கியில் மாற்றுச் சக்கரம் இருந்தது. காரோடு வந்த சின்ன ஸ்பேனரும் இருந்தது. அதை நட்டில் மாட்டிக் கையால் அழுத்தினேன், காலால் மிதித்தேன், கடைசியில் அதன் மேலேயே ஏறி நின்றேன். நட்டு அசையவில்லை.

"விடும்மா, பஸ்ஸில போயிருவோம்" என்று காருக்குள்ளிருந்து அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வழியே வந்த லொறிக்காரர் ஒருவர் இறங்கி, என் ஸ்பேனரின் பிடியில் நீளமான இரும்புக் குழாயொன்றைச் செருகி ஒற்றைக் கையால் அழுத்தினார். நட்டு முனகிக்கொண்டு கழன்றது.

கிளினிக்கில் எங்கள் முறைக்காக வாங்கில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு அந்தக் குழாயின் நினைவுதான். நான் விஞ்ஞான ஆசிரியை. நெம்புகோலைப் பற்றி வருடந்தோறும் பலகையில் படம் போட்டுப் படிப்பிக்கிறேன். பிடி நீண்டால் பலம் பெருகும். என்னிடம் இல்லாமற்போனது அந்த நீளம் மட்டுந்தான் என்று தெரிந்தபோது ஒருவித உற்சாகமே வந்தது. நீளத்தைக் கடையில் வாங்கலாமே.

அந்தச் சனிக்கிழமையே கட்டுகஸ்தோட்டைக்குப் போய் நீண்ட பிடியுள்ள ஸ்பேனர் ஒன்று வாங்கினேன். அடுத்த மாதம் ஒரு சொக்கெட் பெட்டி. பிறகு நல்லதொரு ஜெக்கு, அதோடு இரண்டு இரும்புத் தாங்கிகள். என் கணவர் பல்லேகலையில் ஒரு தையல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தாங்கிகளைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, கராஜ் தொறக்கப் போறியா? ஜெக்கு இருக்கே, இது வேற எதுக்கு?"

"ஜெக்கு தூக்குறதுக்கு மட்டுந்தாங்க. தூக்கினதைத் தாங்குறதுக்கு இது. ஜெக்கை நம்பி யாரும் காருக்கடியில போகக் கூடாது."

கருவிகள் சேர்ந்தன, அவற்றை வைத்து வேலை செய்ய இடந்தான் இல்லை. குண்டசாலையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. வாசலில் காரைத் தூக்கினால் அது பாட்டுக்கு உருண்டு வயலுக்குப் போய்விடும். நான் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் கராம்பு, மிளகு வியாபாரி. காயப்போடுவதற்கென்று அவர் வீட்டு முன்னால் அகலமான சீமெந்து முற்றம் ஒன்று மட்டமாகக் கிடந்தது. தயங்கித் தயங்கி அவருடைய மனைவியிடம் கேட்டேன். நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர்.

"அதுக்கென்ன டீச்சர், சாமான் காயப்போடாத நாளையில வாங்க. ஒயில் மட்டும் சிந்திப்போடாதீங்க, கராம்புல அந்த வாடை ஏறிடும்" என்றார்.

அந்த முற்றத்தில் முதலில் என்ஜின் ஒயில் மாற்றினேன். கீழே பழைய தார்ப்பாயும் அதன்மேல் பேசினும். ஒரு துளியும் சிந்தவில்லை. அடுத்து பற்றரி, காற்று வடிகட்டி எல்லாம் மாற்றினேன். கை பழகியது. அப்போதுதான் முன் பிரேக் கீச்சிடத் தொடங்கியது.

இந்த முறை கணவர் சிரிக்கவில்லை. "ஒயில் மாத்துறது வேற. பிரேக்குல விளையாடாத. உயிர் விசயம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. "விளையாட மாட்டேன். ஒரு சந்தேகம் வந்தாலும் காரை அசைக்காம, கராஜ் பாஸைக் கூட்டிட்டு வந்து காட்டுவேன். சரியா?" என்றேன். அரை மனதோடு தலையாட்டினார்.

பாடசாலை விடுமுறை வந்தது. தொலைபேசியில் சிங்களத்தில் கிடைத்த காணொளியை மனப்பாடமாகும்வரை பார்த்துவிட்டு முற்றத்தில் இறங்கினேன். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தினேன். தூக்கித் தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றியதும் பழைய பிரேக் பேட் தெரிந்தது. தேய்ந்து தேய்ந்து ஒரு பிஸ்கட்டின் தடிப்புக்கூட இல்லை.

பேட்டைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியின் கீழ் பொல்ட்டைக் கழற்ற வேண்டும். கவ்வியின் மேலாகக் குனிந்து, சொக்கெட்டை மாட்டித் திருப்பினேன். அசையவில்லை. நீண்ட பிடி போட்டும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பொல்ட்டே முறிந்துவிடும் என்று பயம் வந்தது. அழுகையும் வந்தது.

ராத்தா பிளேன்டீ கொண்டுவந்தார். கூடவே ஊறுகாய்ப் போத்தல். "வந்ததுதான் வந்தீங்க, இதையும் தொறந்து தாங்களே. என் கைக்கு வருதில்ல."

மூடி தரையைப் பார்க்க, போத்தலைத் தலைகீழாக மடியில் இடுக்கிக்கொண்டு திருகினேன். மூடி மேலும் இறுகியது. தலைகீழாகப் பிடித்தால் திறக்கும் பக்கமும் மாறிவிடுமே! பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு காரடிக்கு ஓடினேன். பொல்ட்டின் தலை காரின் உட்புறம் பார்த்து இருந்தது. நான் வெளிப்பக்கமிருந்து மேலாகக் குனிந்தபடி, இவ்வளவு நேரமும் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்! உட்புறமாகச் சுற்றிப் போய், தலையை நேருக்கு நேர் பார்த்து மறுபக்கம் தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம். பொல்ட் இளகிவிட்டது.

"வந்திட்டு ராத்தா!" என்று நான் கத்திய சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

"என்ட போத்தலா?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஓடிவந்தார்.

அதற்குப் பின் வேலை ஓடியது. பிரேக் ஒயில் மூடியைத் திறந்து துணி சுற்றி வைத்தேன். தச்சர்கள் பலகை இறுக்கும் கவ்வியால், பேட்டை அழுத்தும் பிஸ்டனை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினேன். புது பேட்டுகள் இடத்தில் போய் அப்படியே உட்கார்ந்தன. மற்றப் பக்கத்தை முடிக்கப் பாதி நேரந்தான் பிடித்தது. வேலையால் வந்த கணவரைக் காருக்குள் உட்காரவைத்து, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். முதலில் வெறுமையாகக் கீழே போனது. அவர் முகம் வெளிறியது. "இன்னும் மிதிங்க" என்றேன். மிதிக்க மிதிக்க இறுகி, கல் மாதிரி நின்றது. நட்டுகளைக் கடைசியாக அளவு காட்டும் ஸ்பேனரால் ஒவ்வொன்றாக இறுக்கி முடித்தேன்.

ஒரு வாரம் பல்லேகலைப் பக்கத்து மட்டமான ரோட்டுகளில் ஓட்டிப் பார்த்த பிறகு, மாவனல்லையில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவை இறக்கத்தில் முன்னால் போன பஸ் ஆளேற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. நானும் மிதித்தேன். கார் இம்மியும் விலகாமல், கீச்சென்ற சத்தமுமில்லாமல், நேராக நின்றது. பக்கத்தில் கணவர் தன் காலையும் ஊன்றி மிதித்துக்கொண்டிருந்தார். மெல்ல எடுத்தார்.

இறக்கம் முடிந்ததும் தேத்தண்ணீர்க் கடையொன்றில் நிறுத்தினோம். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர் கடைக்காரரிடம் சிங்களத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்: பிரேக்கெல்லாம் கராஜுக்குக் கொடுப்பதில்லை, வீட்டிலேயே நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்று.

"நாங்களா?" என்றேன் தமிழில்.

"மிதிச்சது யாரு?" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் சாரியில் சிந்தியது. கலியாண வீட்டுக்கு அந்தக் கறையோடுதான் போனேன்.