பொய் சொன்ன பச்சைக் கோடு

அண்ணிக்கு விரல்கள் மரத்துப்போயிருந்த சமயம் அது. கம்ப்யூட்டரில் எதைத் திறக்கவும் மவுஸை இரண்டு முறை வேகமாகத் தட்ட வேண்டும். அவள் விரலுக்கு அது எட்டாத வேலை. ஒருநாள் காலை ஒரே தட்டில் எல்லாம் திறந்தது. கடவுள் கண் திறந்தார் என்று கைகூப்பினாள். கொழுந்தன் மாற்றி வைத்திருக்கிறான் என்று பின்னால் அவள் கணவர்தான் சொன்னார். அவன் வாயே திறக்கவில்லை.

மாடியறையில் அவனுக்கு ஒரே வேலைதான். கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் படம், பாட்டு, கடிதம் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகக் காட்டி, இங்கிருந்து அங்கே மாற்றித் தரும் ஃபைல் மேனேஜர் என்ற புரோகிராமை எழுதுவது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்தும் பார்க்கலாம். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதினார்கள், பொறுப்பு அவனுடையது. சம்பளம் கிடையாது.

"ஊரான் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறான்" என்பார் அண்ணன்.

அண்ணி வீட்டில் எம்பிராய்டரி மெஷின் வைத்திருந்தாள். ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்புக்கான டிசைனைக் கொழுந்தனின் ஃபைல் மேனேஜர் வழியாகப் பென்டிரைவில் ஏற்றினாள். எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு முழுதாக ஓடி முடிந்ததும் பிடுங்கி மெஷினில் செருகினாள். பாதிப் பூவில் ஊசி நின்றுவிட்டது. துணி பாழ்.

"என் கைராசி அப்படி, தம்பி" என்று கண்ணைத் துடைத்தாள்.

"உங்க கை என்ன பண்ணுச்சு அண்ணி? அந்தக் கோடு புளுகுது. முடிஞ்சிடுச்சுன்னு காட்டிட்டு உள்ளுக்குள்ள இன்னும் எழுதிக்கிட்டே இருக்கு. அதை அப்படியே விட்டவன் நான்."

அதைத் திருத்தினான். கடைசி எழுத்தும் பென்டிரைவில் இறங்கிய பிறகே கோடு நிறைந்தது. அவ்வளவுதான், பிடித்தது சனி. கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்தது இப்போது ஊர்கிறதே என்று எங்கெங்கிருந்தோ வசவு. கூட எழுதுகிறவர்களே, பழையபடி மாற்று, இல்லாவிட்டால் பொறுப்பை விடு என்றார்கள்.

"கோடு சீக்கிரம் ஓடினா உனக்கு என்னடா போச்சு?" என்றார் அண்ணன்.

"விடுங்க தம்பி, நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பிடுங்கிக்கிறேன்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம் அண்ணி? யாருக்குத் தெரியும்?"

கூட எழுதுகிறவர்களில் அவனை வாய்க்கு வாய் திட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, புதியதுக்கு மாறாமல் பழைய கோட்டையே நம்பித் தன் படங்களையே பறிகொடுத்தாள். மறுநாள் அவன் பக்கம் சேர்ந்துவிட்டாள். கோடு இப்படியே இருக்கட்டும், நான் போகிறேன் என்று பொறுப்பை அவளிடமே கொடுத்தான். பிறகு தூரத்தில் ஒரு சம்பள வேலை கிடைத்தது.

பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகச் சொன்னான்: "புதுசா பாத்துக்கறவங்க என்னை மாதிரி ஊமை இல்ல அண்ணி. கோட்டை மாத்துன்னு எவன் வந்தாலும் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. நீங்க பயப்படாம தைங்க."