அக்கா என்று எழுதிய குடுவை

ஆய்வுக்கூடத்தில் மேடத்துக்கு ‘இருபது நிமிஷம்’ என்று பட்டப்பெயர். யார் கூப்பிட்டாலும் தலை நிமிராமல் “இருபது நிமிஷத்துல வர்றேன்” என்பார். அவர் வருவதற்குள் கூப்பிட்டவர் வீட்டுக்கே போயிருப்பார்.

புற்றுநோய் செல்களை உடலுக்கு வெளியே வளர்த்து ஆராய்வது அவர் வேலை. முப்பது வருடத்தில் எத்தனையோ வளர்த்தார். ஒன்றுக்குத்தான் பெயர் வைத்தார். அது அவருடைய அக்காவின் வயிற்றில் வந்த அரிய வகைக் கட்டியிலிருந்து, அக்காவின் சம்மதத்தோடு எடுத்தது. மூன்று மாதத்தில் அக்கா போய்விட்டாள். செல்கள் போகவில்லை. குடுவையில் மார்க்கர் பேனாவால் ‘அக்கா’ என்று எழுதி இன்குபேட்டரில் வைத்தார். வாரத்துக்கு மூன்று முறை ஊட்டநீர் மாற்ற வேண்டும்.

“அக்காவுக்குச் சாப்பாடு ஆச்சா மேடம்?” என்று உதவியாளர்கள் கிண்டலடிப்பார்கள்.

“ஆச்சு. உங்களைவிட ஒழுங்கா, சிந்தாம சாப்பிட்டா.”

அக்கா இறந்தபோது அவள் மகளுக்கு நாலு வயது. பத்து வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து சித்தியின் மைக்ரோஸ்கோப்பில் குனிவாள். கூழாங்கல் பரப்பியதுபோல் செல்கள் கிடக்கும். அவற்றிடம் பரீட்சை மார்க் சொல்வாள். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதைச் சொன்னபோது சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அந்தச் செல்களை வைத்துப் பதினோரு கட்டுரைகள் வந்தன. ஏழு நாடுகளில் அவற்றை வாங்கி வளர்த்து அந்த நோய்க்கு மருந்து தேடினார்கள். பன்னிரண்டாவது கட்டுரையை அனுப்பியபோது பத்திரிகை, செல்லின் டி.என்.ஏ. அடையாளச் சான்று கேட்டது. அதுவரை யாரும் கேட்டதில்லை. “என் அக்காவ எனக்குத் தெரியாதா?” என்று சிரித்துக்கொண்டேதான் பரிசோதனைக்குக் கொடுத்தார்.

முடிவில் ‘ஆண்’ என்று இருந்தது.

மறுபடி கொடுத்தார். மறுபடியும் ஆண். பக்கத்துத் தட்டில் வளர்த்துவந்த, எங்கோ எப்போதோ இறந்துபோன ஒரு நோயாளியின் செல்லோடு எண்ணுக்கு எண் பொருந்தியது. அவனுடையது ரொம்ப வேகமாகப் பெருகும் வகை.

பழைய நோட்டுகளை இறக்கினார். ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஊட்டநீர் பாட்டில் என்பது அங்கே விதி. அக்கா இறந்த மறுநாளுக்கான பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘ஒரே பாட்டில், இரண்டுக்கும்.’ எழுதியதும் நினைவில்லை, வேலைக்கு வந்ததும் நினைவில்லை. ஒரு துளி போதும். ஒரு செல் போதும், அவன் தாவி வந்து அக்காவின் குடுவையை நிரப்ப.

உறைநிலையில், கலப்பதற்கு முந்தைய முதல் வாரத்துக் குப்பி ஒன்று மிச்சமிருந்தது. உருக்கிப் பார்த்தார். தூசி மாதிரி மிதந்ததே தவிர எதுவும் எழும்பவில்லை. அக்கா இரண்டாவது முறை எந்தக் கிழமை செத்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதன்பின் இன்குபேட்டரைத் திறக்கும்போதெல்லாம், அக்காவின் புடவையைப் போர்த்திக்கொண்டு யாரோ திரும்பி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

“ரிட்டையர் ஆக எட்டு மாசம். எதுக்கு மேடம் இந்தத் தலைவலி? யாரு கேக்கப்போறா?” என்றார் டைரக்டர்.

மேடம் தன் மேசைக்குத் திரும்பினார். கட்டுரைகளைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி முடித்து, அனுப்பாமல், அக்கா மகளைக் கூப்பிட்டார்.

அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. கேட்டு முடித்துவிட்டு மேசை விளிம்பைத் தேய்த்தாள்.

“சொல்லாமலே இருந்திருக்கலாம்ல சித்தி.”

“இருந்திருக்கலாம். ஏழு ஊர்ல இத வச்சு மருந்து தேடுறாங்கம்மா. உங்கம்மாவுக்கு வந்தது இப்ப யாருக்கோ வந்திருக்கும்.”

“அப்ப நான் இத்தன வருஷம் பேசினது?”

சித்தி பழைய நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

“அம்மா எப்பத்தான் முழுசாப் போனாங்க?”

“ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கும். இவன் வேகம். பக்கத்துல யாரையும் இருக்க விடமாட்டான்.”

“எனக்கு நாலு வயசுலயே.”

“ஆமா.”

மகள் எழுந்தாள். போய்விடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் சுற்றி வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் இருந்த கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தாள். பத்திரிகைகளுக்கும் ஏழு நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் சேர்த்து எழுதிய கடிதம்.

“அனுப்புங்க.”

அனுப்பினார். கால் மணி நேரத்துக்குள் ஒரு கூடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஒரே வரி: எங்களிடம் இருப்பதை என்ன செய்வது?

“என்னன்னு எழுதுவீங்க?”

“அழிச்சிடச் சொல்லணும்.”

“இங்க இருக்கறதையுமா?”

“அதையும்தான்.”

சித்தி தட்டச்சு செய்யத் தொடங்கினார். பின்னால் இன்குபேட்டரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மகள் குடுவையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். இந்த முறை உதடுகூட அசையவில்லை.

“இப்பவும் வளருது சித்தி,” என்றாள் கண்ணை எடுக்காமல்.